தையல் லைனில் ஒரு பாடம்

காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை போகும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலையிடத்து இணையவழிக் கற்றல்தான் என் ஆய்வு. போன மாதம் ஒரு ஷூ கம்பெனியில், தையல் மெஷினில் ஊசி மாற்றும் பாடத்தை ஒரு அக்காவிடம் போனில் கொடுத்தேன். மெஷின் சத்தத்தில் ஆடியோ காதில் விழவே இல்லை. "எழுத்தும் பொடிப்பொடியா இருக்கு தம்பி, படம் போட்டுக் காட்டு" என்றார்.

ராத்திரி அந்தப் பாடத்துக்கு நான் எழுதிய புரோகிராமைப் பிரித்துப் பார்த்தால், ஒலி, படம், எழுத்து மூன்றையும் ஒரே கிளாஸில், அதாவது புரோகிராமின் ஒரே பகுதியில், 'இப்படியென்றால் இது' என்று இஃப் மேல் இஃப் போட்டு அடைத்து வைத்திருக்கிறேன். புரோகிராமில் அடிக்கடி வரும் சிக்கலுக்கான தீர்வு வடிவத்தை பேட்டர்ன் என்பார்கள்; ஸ்ட்ராட்டஜி பேட்டர்ன் இதற்கென்றே இருக்கிறது. பாடம் ஒன்றுதான், காட்டும் முறைகளைத் தனித்தனி கிளாஸாக்கி, புரோகிராம் ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம். 1994-இல் மென்பொருள்காரர்கள் நால்வர் ஒரு புத்தகமாகத் தொகுத்த 23 பேட்டர்ன்களில் அதுவும் ஒன்று. இந்த யோசனைக்கே மூலம் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். 1977-இலேயே தன் குழுவோடு ஊர், தெரு, வீடு என்று 253 பேட்டர்ன்கள் எழுதி வைத்தவர்.

பாடம் முடிந்ததும் சூப்பர்வைசருக்குத் தகவல் போக ஆப்சர்வர் என்ற இன்னொரு பேட்டர்ன் வேறு வைத்திருந்தேன். வெட்டி வேலை. மனுஷன் பின்னாலேயேதான் நிற்கிறார்.

சரி, இன்று படத்தோடு போகிறேன். அக்கா என்ன சொல்வாரோ.