பாரிமுனை அந்தோணியாருக்கு அத்தை வைத்த நேர்த்திக்கடன்

பெரியவனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் 22 ஆயிரத்துக்கு இறங்கிய ராத்திரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே என் மாமியார் அந்தோணியாரிடம் பேசி முடித்துவிட்டார். "பிள்ளை எழுந்து நடக்கட்டும். பதிமூணு செவ்வா, வீட்ல இருக்கிற அஞ்சு பேரும் வர்றோம். கடைசி செவ்வாக்கு ஏழைங்களுக்கு ரொட்டி." எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய்ச்சல் விட்டு, கை கால் சில்லிட்டு, பையன் பேச்சில்லாமல் படுத்திருந்தான். அந்த நேரத்தில் அத்தை நூறு செவ்வாய் என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

பிள்ளை எழுந்துவிட்டான். அப்புறம்தான் சோதனையே. சென்னை ராயபுரம் கல்மண்டபத்தில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து பாரிமுனை அந்தோணியார் கோயில் ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து பேரை ஒன்றாக வீட்டை விட்டுக் கிளப்புவது இருக்கிறதே! வீட்டுக்காரருக்கு துறைமுகத்தில் ஷிப்ட். சின்னவளுக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் தூக்கம். பெரியவனுக்கு டியூஷன், அதோடு ஒரு முகம். அந்த முகத்தை வீட்டில் வளர்ந்த பையன் வைத்திருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எட்டாவது வரை, பூசையில் சாமியாருக்கு உதவுகிற பீடச் சிறுவனாக இருந்தவன். தூபம் போடுவதற்கு மற்ற பையன்களோடு சண்டை போடுவான். விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற உறுதிப்பூசுதல் சடங்கு முடிந்தது, அதோடு சரி. எங்கள் கோயில் பங்கில் முக்கால்வாசிப் பையன்கள் இப்படித்தான், ஏதோ படிப்பு முடித்துப் பட்டம் வாங்கிவிட்ட மாதிரி. ராத்திரி எட்டு மணி குடும்பச் செபமாலைக்கு வந்து உட்காருவான், மாலையின் பாதியில், மூன்றாம் தேவரகசியத்தில் கண் செல்போனுக்குப் போய்விடும். அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற குழுவில், இதைச் சொன்னால் எல்லா அம்மாக்களும் செல்போனைத்தான் திட்டுகிறோம். என்னைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறவர்கள் செல்போனைவிட அதிகமாகப் பிள்ளைகளைக் கோயிலிலிருந்து பிரித்திருக்கிறார்கள். பூசை நேரத்தில் கிளாஸ், மறைக்கல்வி நேரத்தில் டெஸ்ட். அதற்கு ஃபீஸ் கட்டுவதும் நாம்தான், பிள்ளைக்கு விசுவாசம் இல்லை என்று அழுவதும் நாம்தான்.

முதல் செவ்வாயே வாக்குவாதம். "ஆயா, டிரிப்ஸ் ஏத்தினாங்க, பிளேட்லெட் ஏறிச்சு. இதுல அந்தோணியார் எங்க வந்தார்?" எனக்குப் பகீரென்றது. அத்தை அசரவில்லை. "டிரிப்ஸ் ஏத்தின நர்ஸம்மா ராத்திரி முழுக்கக் கண்ணு மூடாம உன் பக்கத்துலயே நின்னாளே, அவளை யாரு நிக்க வெச்சது?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவன் பதில் சொல்லவில்லை, ஆனால் செருப்பை மாட்டினான். நானாக இருந்தால் அரை மணி நேரம் அறிவுரை சொல்லி, அவன் வராமலே போயிருப்பான்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில் ஆரம்பித்தோம், ஜூன் 13 திருவிழாவுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. போகப் போக பெரியவன் வேறு ஒரு வழியில் இதற்குள் நுழைந்தான். அவனுக்கு எதையும் தேடிப் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் 1642 என்று இருக்கிறதே, அது என்ன என்று ஆரம்பித்தான். எப்ரேம் என்ற, கப்புச்சின் சபையைச் சேர்ந்த பிரெஞ்சு சாமியார் பர்மா பக்கம் போகக் கிளம்பி, வழியில் சென்னப்பட்டணத்தில் தங்கி, அப்படியே இருந்துவிட்ட வருஷமாம். ஜார்ஜ் கோட்டை கட்ட ஆரம்பித்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்ததாம். ஏன் செவ்வாய் என்பதையும் அவன்தான் எங்களுக்குச் சொன்னான்: அந்தோணியார் இறந்தது 1231 ஜூன் 13 வெள்ளிக்கிழமை, பதுவா நகரத்தில் அடக்கம் பண்ணியது அடுத்த செவ்வாய்க்கிழமை. அத்தைக்கு அறுபது வருஷமாகச் செவ்வாய் தெரியும், காரணம் தெரியாது. "அப்படியா!" என்று அவர் வாயைப் பிளந்ததில் பையனுக்கு ஒரே பெருமை.

பதிலுக்கு அத்தை கொடுத்தது மீன் கதை. ரிமினி ஊரில் ஜனங்கள் பிரசங்கம் கேட்க மாட்டோம் என்று போய்விட, அந்தோணியார் கடலோரம் நின்று மீன்களைக் கூப்பிட்டார், மீனெல்லாம் தலையை நீட்டிக்கொண்டு வரிசையாக வந்து நின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அத்தை காசிமேட்டில் கூடை போட்டு மீன் விற்றவர். அவர் சொல்லும்போது அந்த வரிசையில் நெத்திலி முன்னால், கரை ஓரமாக நிற்கும். அதற்குப் பின்னால் காரப்பொடி, சங்கரா. கடைசியில் ஆழத்தில் வஞ்சிரமும் கொடுவாவும். "எறா வரலியா ஆயா?" என்று சின்னவள் கேட்க, "எறா எப்பவும் பின்னாலதான் துள்ளும், அது கோயிலுக்கு லேட்டா வர்ற உங்கப்பன் மாதிரி" என்றார். ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மறைக்கல்வி புத்தகத்தில் இதே கதை ஒரு பக்கம் இருக்கிறது, நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்டதில்லை.

கடைசிச் செவ்வாய்க்கு வருகிறேன். திருவிழா நெருங்கிவிட்டதால் கூட்டம் சொல்லி மாளாது. ராயபுரம் பாலத்திலேயே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. பெரியவன் மடியில் ஒரு மூட்டை பன், என் மடியில் ஒரு மூட்டை. ஆட்டோ நகரவே இல்லை. பீச் ஸ்டேஷனுக்கு முன்னாலேயே இறங்கி நடந்தோம். வெயில் தாழ்ந்தும் புழுக்கம் தாழவில்லை. பர்மா பஜார் பிளாட்பாரத்தில் அத்தைக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நிற்கவும் இடமில்லை. அரண்மனைக்காரத் தெருவுக்குள் திரும்பினால் டிரை சைக்கிள், பைக், பார்சல் மூட்டை. இத்தனை நாளில் பழகியிருக்க வேண்டும், எனக்குப் பழகவில்லை. மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்துத் திணிக்கிறார்கள். வேண்டாம் என்றால், "நேர்ச்சைக்கு வந்துட்டுக் கணக்குப் பாக்கிறியாம்மா" என்று பேச்சு வேறு. நேற்று முப்பதுக்குக் கொடுத்த மாலை இன்று எண்பது. உள்ளே போனால் அந்தோணியாரின் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, முதுகைக் காட்டி நின்று படம் பிடிக்கிற கூட்டம். அந்தோணியாருக்குத்தான் எத்தனை பொறுமை.

வரிசையில் நெரித்துத் தள்ளியதில் நான் ஓரமாகப் போய்விட்டேன். சுரூபம் முழுசாகத் தெரியவில்லை. எனக்கும் பீடத்துக்கும் நடுவில் தலைகள், தூக்கிய கைகள், ஒருவர் உயர்த்திப் பிடித்த லில்லிப் பூக்கட்டு. அதற்கு மேலே அவர் கையில் இருக்கிற குழந்தை இயேசு மட்டும் தெரிந்தார். அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: பையன் பிளஸ் டூ, அவன் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒழுங்காக வர வேண்டும், சின்னவள் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குத் தயாராக வேண்டும், வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்ட். ஒன்றும் வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் காலைத் தொட்டுப் பார்த்த சில்லிப்புதான் கையில் வந்தது. தொண்டை அடைத்துக்கொண்டு, "இருக்கான்ப்பா, இருக்கான்" என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மா எனக்குக் கைக்குட்டை கொடுத்தார். பொட்டு வைத்திருந்தார், பூ வைத்திருந்தார், எதற்காக வந்தாரோ, அவரும் அழுதுகொண்டிருந்தார்.

அப்போது அத்தையின் குரல் கேட்டது. அவர் எப்படியோ முன்னால் போய்விட்டார். பெரியவன் பின்னால் நின்று இரண்டு கையையும் அகல விரித்து, கூட்டம் அவர்மேல் சாயாமல் அணை கொடுத்திருந்தான். அத்தை சுரூபத்துக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியைத் தட்டி, சத்தமாக, "இந்தா பாரு அந்தோணி, சொன்ன மாதிரி அஞ்சு பேரும் வந்துட்டோம். ரொட்டி வெளிய இருக்கு. கணக்கு நேராயிடுச்சு" என்றார். ஜனம் சிரித்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே பேச்சுக்கு வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்தவன், இன்று நகரவில்லை. அவர் சொல்லி முடித்ததும் குனிந்து கண்ணாடியில் நெற்றியை வைத்தான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. கேட்க நாக்கு துடித்தது, அது வேறு விஷயம்.

வெளியே வந்து ரொட்டி கொடுத்தோம். வரிசை என்று ஒன்று நிற்கவில்லை, கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு மூட்டையும் காலி. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு இல்லாமல் போய்விட்டது. பெரியவன் ஓடிப்போய் தெருமுனை டீக்கடையில் சொந்தக் காசில் பன்னும் பாலும் வாங்கி வந்து கொடுத்தான். ரீசார்ஜுக்கு வைத்திருந்த காசு.

திரும்பும் வழியில் ஆயாவைச் சீண்டினான். "அவ்வளவு பேசினியே, அவர் பதில் சொன்னாரா?"

"உங்க தாத்தா மாதிரிதான்டா. எல்லாத்தையும் கேட்டுக்குவாரு. வாயைத் தெறக்க மாட்டாரு. வேலை மட்டும் நடந்துடும்."

நடந்துதான் இருக்கிறது. பதுவை அந்தோணியாரே, உமக்குக் கோடி நன்றி. பெயர் கேட்டுக்கொள்ள மறந்துபோன அந்த நர்ஸம்மாவுக்கு நன்றி. ரத்தம் கொடுக்க விடியற்காலையில் வந்து நின்ற அன்பியத்துப் பையன்களுக்கு, பப்பாளி இலையைத் தேடி அலைந்த எதிர்வீட்டு பாய்க்கு, ஷிப்ட் மாற்றிக்கொண்ட வீட்டுக்காரரின் நண்பர்களுக்கு, கைக்குட்டை கொடுத்த அந்த அம்மாவுக்கு. அவர் கேட்டதையும் கொடுத்துவிடும் ஐயா.

வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போதே அத்தை அடுத்ததை ஆரம்பித்துவிட்டார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு, இங்கிருந்தே நடை. பையன் பிளஸ் டூ பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாராம். நடக்கப்போவது யார் என்று கேட்டேன். பெரியவனைக் காட்டினார். அவன் செல்போனில் கல்மண்டபத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு, "ஆயா, இதை நீ மாதாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான். வர மாட்டேன் என்று சொல்லவில்லை.