ஃபாகின்டோரில் மிச்சமிருக்கும் சுவர்

போன செப்டம்பரில் இங்கிலாந்தின் பிளிமத்தில் இருக்கும் தங்கை வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில், "அக்கா, கடல் எங்கேயும் ஓடிப்போகாது. இன்னிக்கு வெயில் அடிக்குது, மேலே போயிடலாம்" என்றாள். அந்த ஊர்க்காரர்களுக்கு மேலே என்றால் டார்ட்மூர்தான்.

மூர் என்பதற்குத் தமிழில் ஒரே சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மரங்கள் அபூர்வமான, காற்று ஓயாத, புல்லும் புதருமான மேட்டு நிலம். கால் வைத்தால் மெத்தைபோல அமுங்கும் கரிய ஈரமண். ஊதா நிற ஹெதர் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன, நடுநடுவே முட்புதர்களில் மஞ்சள் பூ. குன்றுகளின் உச்சியில் யாரோ அடுக்கி வைத்ததுபோலப் பாறைகள் நிற்கும். அவற்றைத்தான் டோர் என்கிறார்கள். இந்த மேடு முழுவதும் அடியில் கிரானைட். ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் குழம்பாக இருந்து இறுகிய கல்.

பிரின்ஸ்டவுனில் காரை நிறுத்தினோம். கடல் மட்டத்திலிருந்து 430 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளை அடைக்க 1809இல் திறந்த சிறை இங்கேதான் இருக்கிறது. ஊரும் சிறையும் உருவாக முன்நின்றவர் தாமஸ் டிரிவிட். இந்த மேட்டை விளைநிலமாக்கிவிடலாம் என்று உறுதியாக நம்பியவர். சுண்ணாம்பும் கடல்மணலும் மேலே வரவும், கிரானைட் கீழே போகவும் குதிரைகள் இழுக்கும் ரயில் பாதை ஒன்றைப் போட வைத்தார். 1823இல் அது திறந்தது. விவசாயம் கைகூடவில்லை. அந்தப் பாதைக்குச் சுமை கொடுத்தது கல்தான்.

1883இல் அதே வழித்தடத்தின் பெரும்பகுதியில் நீராவி ரயில் வந்தது. 1956 மார்ச்சில் அதுவும் நின்றுபோனது. தண்டவாளங்களை எடுத்துவிட்டதால் இப்போது அது நடப்பதற்கென்றே போட்டதுபோலச் சீரான பாதை. ஏற்றமே தெரியாது. குழந்தைகளையும் வயதானவர்களையும் தைரியமாகக் கூட்டிப்போகலாம். பழைய குதிரைப் பாதை ஃபாகின்டோர் என்ற கல்குவாரிப் பக்கம் பிரிகிற இடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே நடங்கள். தண்டவாளத்தைத் தாங்கிய கல் கட்டைகள் புல்லுக்குள் புதைந்திருக்கின்றன. ஆணி அடித்த துளைகள் அப்படியே தெரிகின்றன.

முக்கால் மணி நேரத்தில் ஃபாகின்டோர் கல்குவாரி வந்துவிட்டது. 1820 வாக்கில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கே கல் வெட்டினார்கள். முதலில் கண்ணில் பட்டது குவாரி இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் பாழடைந்த கட்டடம். கூரை எப்போதோ போய்விட்டது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. அதில் ஜன்னல் இருந்த இடைவெளி. அதன் வழியாக அந்தப் பக்கத்து வானமும் குன்றும் தெரிகின்றன. வாசலின் மேல்கல் கீழே விழுந்து புல்லில் கிடக்க, இரண்டு ஆடுகள் சுவரோரம் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்திருந்தன.

நான் அங்கிருந்து நகர வெகுநேரம் ஆனது. காரணம் அந்தச் சுவரின் மூலைக் கற்கள். உள்ளே இருக்கும் கற்கள் கிடைத்ததை வைத்துக் கட்டியவை, ஒழுங்கில்லாதவை. மூலைக் கற்கள் மட்டும் நூல் பிடித்ததுபோல நேராகச் செதுக்கியவை. பக்கத்தில் குவாரிக்காரர்களைத் தவிர யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் கை பழகிய வேலையை அரைகுறையாகச் செய்ய அந்த மனிதர்களுக்கு வரவில்லை. லண்டனுக்கு அனுப்பும் கல்லுக்குக் கொடுத்த கவனத்தையே இங்கேயும் கொடுத்திருக்கிறார்கள்.

லண்டனுக்கு அனுப்பியது என்று சும்மா சொல்லவில்லை. 1840களில் டிரஃபால்கர் சதுக்கத்தில் கடற்படைத் தளபதி நெல்சனின் நினைவாக எழுந்த தூணுக்கு இங்கிருந்துதான் கல் போனது. சிலையோடு சேர்த்து அதன் உயரம் சுமார் 51.6 மீட்டர். இதற்கு முந்தைய வாரம்தான் அந்தத் தூணுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டேன். அந்தக் கல் எந்த ஊர்க் கல் என்ற கேள்வியே அப்போது எனக்கு எழவில்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

சரி, கல்லை எப்படிப் பிளந்தார்கள்? சுற்றிலும் கிடக்கும் துண்டுகளே சொல்கின்றன. அவற்றின் விளிம்பில் வரிசையாக அரைவட்டத் தடங்கள். ஒருவர் இரும்புக் கம்பியைப் பிடித்து ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் திருப்ப, மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். அப்படி வரிசையாகக் குழி போடுவார்கள். ஒவ்வொரு குழியிலும் வளைந்த இரண்டு இரும்புப் பட்டைகளை வைத்து, நடுவில் ஆப்பைச் செருகுவார்கள். அப்புறம் வரிசையாக ஒவ்வோர் ஆப்பின் மேலும் ஓர் அடி, திரும்பவும் முதலிலிருந்து. கல்லின் ஓசை மாறும். கடைசியில் அந்தக் கோட்டிலேயே பிளந்துகொள்ளும். மாமல்லபுரத்துப் பாறைகளில் பிளக்காமல் விட்ட ஆப்புக்குழி வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. காலமும் கருவியும் வேறுதான், ஆனால் யோசனை ஒன்றுதான்.

கட்டடத்தைத் தாண்டி ஒரு வெட்டு வழியாக உள்ளே போனால் குவாரி. நான்கு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள், நடுவில் அசைவில்லாத கருநீலத் தண்ணீர். வெளியே அவ்வளவு காற்று அடித்தும் உள்ளே நாங்கள் பேசியது எங்களுக்கே திரும்பக் கேட்டது. கரையோரம் ஈரப் பாறை வழுக்கும், தண்ணீர் கோடையிலும் உறையவைக்கும், ஆழம் சட்டென்று இறங்கும். பார்த்து நில்லுங்கள்.

இதைச் சுற்றித்தான் குடும்பங்களும் வாழ்ந்தன. வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது மேடுதான். பெரிய சாலையோரம் மதிலுக்குள் மரங்கள் நிற்கும் வண்டி நிறுத்துமிடம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் குவாரிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கேதான் இருந்தது. மழையிலும் மூடுபனியிலும் இந்தத் திறந்த மேட்டில் அந்தப் பிள்ளைகள் நடந்து போய்வந்ததை நினைத்தபடி நானும் தங்கையும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் 1876இல் தொடங்கிய மெரிவேல் குவாரிதான் கடைசிவரை தாக்குப்பிடித்தது. அதுவும் 1997இல் மூடிவிட்டது.

அங்கிருந்து ஸ்வெல்டோர் குவாரிக்குப் போகும் கிளைப்பாதையில் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தங்கை இழுத்துக்கொண்டு போனாள். பாதையோரப் புல்லில் பத்துப் பன்னிரண்டு பெரிய கற்கள் கிடந்தன. பாலத்தின் விளிம்பைத் தாங்கும் தாங்குகற்கள். லண்டன் பாலத்தை அகலப்படுத்த 1903இல் இங்கே செதுக்கியவற்றில் மிச்சமானவை. அந்தப் பாலத்தை 1968இல் ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, முகப்புக் கற்களைக் கப்பலில் கொண்டுபோய் அரிசோனாப் பாலைவனத்தில் திரும்ப எழுப்பினார். கூடப்பிறந்த கற்கள் அட்லாண்டிக்கைக் கடந்துவிட, இவை செதுக்கிய இடத்தைவிட்டு நூறடி நகரவில்லை.

ஒரு கல்லின் வளைந்த முனையில் கை வைத்துத் தடவிப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு மேல் மழையில் கிடந்தும் வளைவு பிசகவில்லை. பாசி மட்டும் படர்ந்திருக்கிறது. இதைச் செதுக்க எத்தனை நாள் ஆகியிருக்கும், வேலை முடிந்ததும் அந்த ஆள் தள்ளி நின்று ஒருமுறை பார்த்திருப்பார் இல்லையா என்று கேட்டேன். "பார்க்காம இருப்பாரா அக்கா?" என்றாள்.

மேற்கே மழை இறங்குவது திரைபோலத் தெரிந்தது. போகலாம் என்று கிளம்பிவிட்டோம். கொஞ்ச தூரம் வந்ததும் தங்கை மட்டும் திரும்பி ஓடினாள். கடைசிக் கல்லின் கூர் விளிம்பில் சிக்கியிருந்த ஆட்டு ரோமத்தைப் பிய்த்தெடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.