பேபி பெக்கியின் காதல் நாயகர்கள்

மௌனப்படக் காலத்து பேபி பெக்கியின் குறும்படங்களை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1918-இல் பிறந்த குழந்தை. இரண்டு வயது நிறையும் முன்பே ஹாலிவுட்டின் செஞ்சுரி நிறுவனத்துக்கு நடிக்க வந்துவிட்டாள். அன்றைய காதல் நட்சத்திரங்களான ருடால்ப் வாலன்டினோ, போலா நெக்ரி ஆகியோரை நடித்துக் காட்டுவாள். பெரியவர்களின் கிறக்கப் பார்வையை அந்தப் பிஞ்சு முகத்தில் பார்த்தால் சிரிப்பு தாங்காது. எவ்வளவு துல்லியம்! அவளைப் போல நேரம் தவறாமல் முகத்தைத் திருப்பும் நடிகர்கள் இன்றும் குறைவு என்றே சொல்வேன்.

ஆனால் காதல் என்றால் என்னவென்று அறியாத குழந்தைக்கு அந்தப் பார்வையைச் சொல்லிக்கொடுத்தது யார்? அதை நினைத்தால் மனம் கனக்கிறது. பள்ளிக்கூடம் கிடையாது. சம்பாதித்த பெரும்பணம் அவள் வளர்வதற்குள் கரைந்துபோனது. நூற்றுக்கும் மேற்பட்ட குறும்படங்களில் நடித்தாள், மிஞ்சியவை மிகச் சில.

பின்னாளில் டயானா செர்ரா கேரி என்ற பெயரில் எழுத்தாளரானார்; குழந்தை நட்சத்திரங்களின் உரிமைக்காகத் தொடர்ந்து பேசினார். 2020-இல் தமது 101-ஆம் வயதில் மறைந்தார். இணையத்தில் கிடைக்கும் அவருடைய படங்களை அவசியம் பாருங்கள்.