நாம்சேயில் இரண்டாவது இரவு

"நாம்சேல ரெண்டாவது நாள் எதுக்கு தம்பி? கடைத்தெருதானே அது?" எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நான் போட்டுக்கொடுத்த நடைப் பயணத் திட்டத்தில், வழியில் இருக்கும் நாம்சே ஊரில் இரண்டு இரவு இருப்பதைப் பார்த்து, போக வந்த ஒருவர் கேட்டது இன்னும் உறுத்துகிறது. அவருக்கு லீவு போதவில்லை, ஒரு நாளைக் குறைக்க வேண்டும். மாரத்தான் ஓடுகிறவர் வேறு.

விமானத்தில் இறங்கி நடக்கத் தொடங்கும் லுக்லா 2,860 மீட்டர் உயரம். முதல் இரவு பக்டிங்கில், 2,610. மறுநாள் மோஞ்சோவில் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து, தூத்கோசி ஆற்றைத் தொங்குபாலத்தில் கடந்தால், அப்புறம் நாம்சே வரை ஒரே ஏற்றம்தான். நாம்சே 3,440. மூவாயிரத்துக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள். இங்கே ஒரே நாளில் 830 ஏறுகிறோம். பக்டிங்கில் நிற்காமல் மோஞ்சோ வரை நடந்து தங்கினால் அது 605 ஆகக் குறையும். ஆனால் நாள் மிச்சமாகாது. நாம்சேயில் காற்றழுத்தமோ மெரினாவில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஓடிப் பழகிய கால் அதற்கு உதவாது. அப்படிப்பட்டவர்கள்தான் வேகமாக ஏறி, தலைவலியை மறைத்துக்கொண்டு, இரவில் வாந்தி எடுப்பார்கள்.

இரண்டாவது நாள் படுத்துக் கிடக்கிற நாளும் அல்ல. காலையில் 3,790 மீட்டரில் இருக்கும் கும்ஜுங்குக்கு ஏறி, ஹிலாரி 1961-ல் கட்டிக்கொடுத்த பள்ளியைப் பார்த்துவிட்டு, தூங்க நாம்சேக்கே இறங்க வேண்டும். உடம்பு பழகுவது அப்படித்தான்.

"டயமாக்ஸ் போட்டுக்கறேன்" என்றார். உயரத்தில் வரும் உபாதைக்கான அந்த மாத்திரை உதவும்தான், ஆனால் நாளுக்கு மாற்றாகாது; சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவும் கூடாது. அப்படியானால் அடிவார முகாமை விட்டுவிட்டு கும்ஜுங், குண்டே, தாமே ஊர்களோடு திரும்பலாமே என்றேன். "ஊர் பாக்கவா தம்பி அவ்வளவு தூரம்?"

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். 1976-ல் பூங்கா வருவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே ஷெர்ப்பாக்கள் அங்கே உருளைக்கிழங்கு போட்டு, யாக் மேய்த்து வாழ்கிறார்கள். டிங்போச்சேயில் வயலைச் சுற்றியிருக்கும் கல்சுவர்களை நின்று பார்த்தவர் இப்படிக் கேட்க மாட்டார். ஆனால் அந்தக் கோபம் என் பதிலைக் கறாராக்கியதா, அல்லது கணக்கே கறாரானதா? கணக்குதான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

எடுக்க இன்னொரு நாள் இருந்தது: கடைசியில் லுக்லா விமானத்துக்காக ஒதுக்கியது. மேகம் இறங்கினால் விமானம் கிடையாது. பெரும்பாலும் காலையில்தான் பறக்கும், சீசனில் பல விமானங்கள் காத்மாண்டுவுக்குப் பதில் ராமேச்சாப்புக்கு இறங்கும், அங்கிருந்து நாலைந்து மணி நேரம் சாலையில். அந்த நாளை எடுத்தால் போவது டிக்கெட் காசும் ஆபீஸில் நல்ல பெயரும்; நாம்சேயை எடுத்தால் போவது வேறு. இதை அவரிடம் இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்பது நினைவில்லை. முடியாது என்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வேறொரு இடத்தில் நாம்சே நாளை நீக்கிக் கொடுத்தார்கள். போனார், அடிவார முகாமில் 5,364 மீட்டரில் நின்று படம் எடுத்துக்கொண்டார், ஒரு தலைவலிகூட இல்லாமல் திரும்பினார். இப்போது அவர் நண்பர்கள் வந்து அதே நாளைக் காட்டி, "அவருக்கு ஒண்ணும் ஆகலையே சார்" என்கிறார்கள். ஆகவில்லைதான். நான் மறுபடியும் 830-ல் இருந்து ஆரம்பிக்கிறேன்.