பெர்லினில் கண்ட மானி சமயப் பூக்கள்

பெர்லின் நகரின் ஹும்போல்ட் மன்றத்தில் இயங்கும் ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்கு நான் சென்றது, 3ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசில் மானி என்பவர் தோற்றுவித்த மானி சமயத்தாரின் ஓவியச் சுவடிகளைக் காண்பதற்காகவே. சீனாவின் துர்ஃபான் வட்டாரத்தில் உள்ள கோச்சோ என்னும் பாழ்நகரில், 1902 முதல் 1914 வரை வந்துசென்ற ஜெர்மானிய ஆய்வுக் குழுக்கள் தேடி எடுத்த ஏடுகள் இவை. துருக்கிய இனத்தாரான உய்குர்களின் மன்னர் போகு ககான் 8ஆம் நூற்றாண்டில் இச்சமயத்தைத் தழுவியதால்தான், பொன் தகடும் விலையுயர்ந்த வண்ணங்களும் இந்தப் பக்கங்களுக்கு வாய்த்தன.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது, கையை விரித்து வைத்தால் மறைந்துவிடும் அளவேயான ஓர் ஏடு. வெள்ளை அங்கியும் உயர்ந்த வெள்ளைத் தொப்பியும் அணிந்த துறவியர் வரிசையாக எழுதுமேசைகளின் முன் அமர்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால், ஆழ்ந்த நீலப் பரப்பில், மரங்கள் பெரிய இதழ்களுடன் பூத்தும் திராட்சைக் கொத்துகளைத் தாங்கியும் நிற்கின்றன. ஓவியம் எழுத்துக்குக் குறுக்காகத் திரும்பியிருப்பதால் தலையைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மானி சமயச் சுவடிகளில் இதுவே வழக்கம். வேறு ஏடுகளில், பக்கத்தின் உச்சியில் உள்ள தலைப்புகளைச் சுற்றியும் பூங்கொடிகள் வளைந்தோடுகின்றன.

இப்பூக்களை வெறும் இடநிரப்பல் என்று என்னால் கருத முடியவில்லை. ஒளியின் துகள்கள் இருளில் சிக்குண்டு உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன என்பதும், செடிகொடிகளிலும் கனிகளிலும் அவை மிகுதியாக உறைகின்றன என்பதும் மானியின் போதனை. அதனால் துறவியர் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இச்சமயத்தைப் பின்பற்றிப் பின்னர் அதைக் கடுமையாக எதிர்த்த கிறித்தவ இறையியலாளர் புனித அகஸ்டின், அத்திப்பழத்தைப் பறித்தால் பழமும் தாய்மரமும் கண்ணீர் சிந்தும் என அவர்கள் நம்பியதைப் பதிவு செய்திருக்கிறார். பூவைப் பறிக்கத் தடை விதித்த சமயம் ஏட்டில் அதைத் தடையின்றி மலரவிட்டது எனக்குப் பெருவியப்பைத் தந்தது; ஓவியர் ஒவ்வோர் இதழையும் வழிபாட்டுப் பொருளாகவே வரைந்திருக்க வேண்டும்.

மானியின் மறைவை நினைவுகூரும் பேமா திருநாளைச் சித்திரிக்கும் மற்றோர் ஏட்டில் இக்கருத்து இன்னும் தெளிவாகிறது. அங்கே பொற்கலம் ஒன்றில் முலாம்பழமும் திராட்சையும் குவிந்திருக்கின்றன. இல்லறத்தார் படைக்கும் இத்தகைய கனிகளைத் துறவியர் உண்ணும்போது, அவற்றினுள் அடைபட்ட ஒளி விடுபட்டு, நிலவுக்கும் கதிரவனுக்கும் ஏறிச் செல்லும் என்று அவர்கள் நம்பினார்கள்.