நல்லதுன்னா எத்தனை?

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் பதினோரு வருஷமாக ரைட்டர் வேலை பார்க்கிறேன். சேலத்தில் ஒரு கல்யாணத்தில் இதைச் சொன்னதும், பக்கத்து இலைக்காரர் நான் கதை எழுதுகிறவன் என்று நினைத்து எச்சில் கையோடு வணக்கம் வைத்தார். நான் எழுதுவதெல்லாம் செக்ரோல்தான். காலையில் பேர் எடுப்பது, யார் எந்த பிளாக் என்று குறிப்பது, பழம் பறிக்கும் மாதங்களில் மூட்டைக்கு எடை போடுவது, சனிக்கிழமை கூலி எண்ணிக் கொடுப்பது.

2024 செப்டம்பர் முழுக்க எங்கள் தோட்டத்தில் தண்டைக் குடையும் போரர் பூச்சி விழுந்த செடிகளைத் தேடிப் பிடுங்கும் வேலை. மதியம் சில்வர் ஓக் மர நிழலில் தூக்குப்போசியைத் திறந்தால், சிலோன் அக்காவின் செல்போனில் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், காது கொஞ்சம் மந்தம். அதனால் மொத்த கேங்குக்கும் அந்தத் தேர்தல் அத்துப்படி.

அக்கா பிறந்தது இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது வரிசை வீட்டில். 1964ல் அங்கத்துப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் இந்தியா ஏற்றுக்கொள்வது 5,25,000 பேர், இலங்கை 3,00,000 பேர் என்று ஆளை எண்ணிப் பிரித்தார்கள். அக்காவின் குடும்பமும் அப்படித்தான் பிரிந்தது. இவர் ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, எங்கெங்கோ சுற்றி, கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தார். மூத்த அக்கா அங்கேயே நின்றுவிட்டார். அந்த அக்காவின் மகள் இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறாள். மதியம் பேசுவது அவள்தான்.

“சித்தி, எல்லாரும் தாறோம் தாறோம்னுதான் சொல்றாங்க. எங்க இருந்து எடுத்துத் தாறதுன்னு ஒருத்தரும் சொல்றாங்க இல்ல.”

அவளுக்குச் சம்பளம்தான் முதல் பேச்சு. அந்த வருஷம் மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் நாள் சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. தேர்தலுக்குள் சம்பள நிர்ணய சபையில் வந்து நின்றது 1,350. மிச்சம் 350 ஊக்கத்தொகை என்ற பேச்சுக்குப் போய்விட்டது. இந்த வித்தை எந்த ரைட்டருக்கும் தெரியும். சம்பளம் என்றால் பேர் விழுந்த அன்றைக்கே கடன். ஊக்கத்தொகை என்றால் ‘எடை வந்தால்’ என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். மழை நாளில் எடை எப்படி வரும் என்று கொழுந்து எடுப்பவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரணிலுக்கு அந்தத் தேர்தலில் கேஸ் சிலிண்டர் சின்னம். 2022ல் ஊரே கேஸுக்கு வரிசையில் நின்ற நாட்டில் இது துணிச்சலான சின்னம்தான். “வரிசைய ஒழிச்சேன்னு சொல்றார், அது மெய்தான் சித்தி. சிலிண்டர் இருக்கு. வாங்கத்தான் சல்லி இல்ல.”

எதிர்க்கட்சித் தலைவர் சஜித்துக்கு டெலிபோன். தோட்டத் தொழிலாளியைச் சிறு தேயிலைத் தோட்டத்துக்கு உரிமையாளர் ஆக்குவோம் என்றது அந்தப் பக்கம். இவள் கேட்டது: எந்த மலை, எத்தனை பேர்ச் நிலம், உறுதி யார் பேரில்? அங்கே பத்திரத்தை உறுதி என்பார்கள். எவ்வளவு நல்ல சொல்!

பிறகு ஜெயித்த அநுர குமாரவுக்குத் திசைகாட்டி. சாப்பாட்டுச் சாமான், மருந்து, படிப்புச் செலவில் வாட் வரியை எடுப்போம், கடன் கொடுத்த சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப்போடு மறுபடி பேசுவோம், வருமான வரி விலக்கை மாதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக ஆக்குவோம் என்றார்கள். 2023 மார்ச்சில் ஐஎம்எஃப் ஒப்புக்கொண்ட 290 கோடி டாலர் கடன், வருமானத்தைக் கூட்டிக் காட்டினால்தான் தவணை தவணையாக வரும். வாட்டை 18 சதவீதத்துக்கு ஏற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வரியையும் குறைத்து, கடனையும் வாங்குவது எப்படி? திருட்டையும் வீண் செலவையும் நிறுத்தினால் காசு வரும் என்பது மேடைப் பதில். “நிறுத்தட்டும் சித்தி, நல்லதுதான். அதுல மாசம் எவ்வளவு மிஞ்சும்னு யாருக்குத் தெரியும்?” இரண்டு லட்சம் விலக்கைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தாள். அவளுக்கு அது வேறு கிரகத்துச் செய்தி. (ஆட்சிக்கு வந்த பிறகு அந்த இரண்டு லட்சம், 2025ல் ஒன்றரை லட்சத்தில் நின்றது. ஐஎம்எஃப் ஏற்பாடும் தொடர்கிறது.)

டவுன்காரர்கள் இந்தச் சந்தேகத்தைப் படிக்காதவர்களின் சலிப்பு என்று நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரவும் பற்றும் எழுதிப் பழகிய ஆள் நான். 2019ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஜெயித்த கோட்டாபய சொன்னதில் மழுப்பலே இல்லை, எண் பளிச்சென்று இருந்தது. வாட் 15லிருந்து 8 என்றார், அந்த டிசம்பரிலேயே செய்தும் காட்டினார். எதிர்ப் பக்கம்தான் காலி. குறைகிற வரவுக்கு ஈடு என்ன என்று ஒருவரும் எழுதவில்லை. அப்புறம் கொரோனாவில் சுற்றுலா படுத்தது. 2021ல் ஒரே உத்தரவில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். தோட்டத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான். 2022 ஏப்ரல் 12ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்தது. அந்த வருஷம் அவள் வீட்டில் பல ராத்திரி ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும்தான். அப்புறமும் மேடைப் பேச்சை அவள் சந்தேகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

செப்டம்பர் 21ல் ஓட்டு. போட்டியில் 38 பேர். “ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசை போடலாமாம். நான் ஒண்ணோட நிப்பாட்டிட்டேன்.” எந்த ஒன்று என்று அக்கா எவ்வளவு கிண்டியும் சொல்லவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் முந்தியது டெலிபோன். நாட்டில் முந்தியது திசைகாட்டி, 42 சதவீதத்துக்குச் சற்று மேல். பாதியைத் தாண்டாததால் அங்கே முதல் தடவையாக இரண்டாவது விருப்பு வாக்கையும் எண்ணினார்கள்.

இதையெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து, அரசியல் தெரிந்தவன் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்டோபர் முதல் வாரம் என் முறை வந்தது.

முதலாளி போனில் சொன்னார்: “காப்பி விலை நல்லா இருக்கு. தீபாவளிக்கு நல்லது செய்யறேன்னு ஆளுங்ககிட்ட சொல்லிடு.” சட்டப்படி போனஸ் 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். நல்லது என்றால் அதற்கு மேல் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மேல் என்றால் எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் எண் சின்னதாகிவிடுமோ என்று ஒரு பயம். நல்ல சேதி சொல்கிறவனாக ஒரு நாளாவது இருந்து பார்க்கலாமே என்ற ஆசையும்தான், ஒளிப்பானேன்.

மறுநாள் பேர் எடுத்து முடித்ததும் சொன்னேன். நாலைந்து பேர் முகம் மலர்ந்தது. சிலோன் அக்கா கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டார்.

“நல்லதுன்னா எத்தனை, தம்பி?”

“விலை வரட்டுங்க்கா. பார்த்துச் செய்வாரு.”

“அதுதான் வந்துருச்சுன்னு இப்பச் சொன்னே?”

பதில் இல்லை. நோட்டைப் புரட்டுவது போல் புரட்டினேன்.

“சரி, இது எது? சிலிண்டரா, டெலிபோனா, திசைகாட்டியா?”

மொத்த கேங்கும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. சாயங்காலம் முதலாளிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தபோது உரக்கணக்கைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கவர் வந்தது. பிரித்துக் கணக்குப் போட்டால் 8.33, ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கவரோடு ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ். வரிசையாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சிலோன் அக்கா பணத்தை இரண்டு தடவை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். பாக்ஸை உள்ளங்கையில் வைத்து, பழ மூட்டையை மதிப்புப் போடுவது போல மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

“அரைக் கிலோ இருக்கும். எழுதிக்க தம்பி.”