சொட்டுக் கணக்கு

டிசம்பர் 21

சமையலறைக் குழாயடியில் இன்று 214 படங்கள். ஒன்றில்கூடச் சொட்டு இல்லை. குழாயின் மூக்கு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, பாத்திரத்தில் வட்ட வட்டமாக அலை இருக்கிறது. சொட்டு மட்டும் வந்து போய்விட்டிருந்தது, இல்லையென்றால் இனிமேல்தான் வரவிருந்தது. கேமராவின் ஷட்டர் விநாடியில் 4000இல் ஒரு பங்கு நேரமே திறக்கும்படி வைத்துவிட்டால் எதையும் நிறுத்திப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். டியூப் லைட் வெளிச்சத்தில் அந்த வேகத்துக்குக் கிடைத்ததெல்லாம் இருட்டுதான்.

“அது மோட்டார் போட்டு ஏற்றின தண்ணீர்” என்று அம்மா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பர் 22

விழுகிற சொட்டு பிடிபடவில்லை, நிற்கிற சொட்டிலாவது கை பழகட்டும் என்று விடியும் முன்பே கொல்லைக்குப் போனேன். கிணற்றடிச் சேம்பு இலைகளில் மார்கழிப் பனி உருண்டு கிடந்தது. லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுகிற வெற்று வளையம் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதை மாட்டினால் சாதாரண லென்சும் ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும்.

ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் பக்கத்து வீட்டுத் தென்னை தலைகீழாக நின்றது. சொட்டின் விளிம்பைத் தெளிவாக்கினால் தென்னை கலங்குகிறது. தென்னையைத் தெளிவாக்கினால் விளிம்பு கரைகிறது. இவ்வளவு அருகில் போகும்போது தெளிவாக விழும் ஆழம் ஓர் அரிசியின் கனம்கூட இல்லை. மூச்சுவிட்டாலே இலை அசைகிறது.

தாமரை இலைத் தண்ணீர்போல என்று பேச்சுக்குச் சொல்கிறோம். அதன் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ. சேம்பிலும் அதே கதைதான்: சொட்டுக்கு அடியில் வெள்ளி பூசியதுபோல் ஒரு பளபளப்பு. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின் மேல் மெழுகு. நீர் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் நிற்கிறது, இடையில் சிக்கியிருக்கும் காற்றுதான் அப்படி மின்னுகிறது.

டிசம்பர் 25

செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியம்மா, பிரிக்காத சலைன் குழாய் ஒன்றைக் கொடுத்தார். உறையிலேயே மில்லி லிட்டருக்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கிறது. அதன் சின்னச் சக்கரத்தைத் திருகினால் சொட்டின் வேகம் கூடும், குறையும். குழாயடியில் நான் பட்ட பாட்டுக்கு இது வரம்.

இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே திரைச்சீலைக் கம்பி, கம்பியில் குழாய், கீழே அம்மாவின் பெரிய தாம்பாளம். தண்ணீரில் நாலு சொட்டு நீல மை. விளிம்பு தளும்ப நிரப்பினேன்; குறைந்தால் தாம்பாளத்தின் ஓரம் படத்துக்குள் எட்டிப் பார்க்கிறது. சொட்டு விழும் இடத்தில் ஓர் ஊதுவத்திக் குச்சியைக் குறுக்கே வைத்து, அதில் சொட்டு பட்டுத் தெறிக்கும் புள்ளியைப் பார்த்துக் கையால் லென்சைத் திருகித் தெளிவாக்க வேண்டும். பிறகு குச்சியை எடுத்துவிட்டு லென்சைத் தொடாமல் இருக்க வேண்டும். நான் மூன்று முறை தொட்டேன்.

டிசம்பர் 26

பழைய ஃபிளாஷ் ஒன்று ஒயரோடு கிடைத்தது. முதல் படத்தில் பாதி கரி. ஃபிளாஷ் கெட்டது என்று அரை மணி நேரம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. ஷட்டரை 500இல் ஒரு பங்குக்கு வைத்திருந்தேன். என் கேமராவில் அந்த வேகத்தில் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. ஃபிளாஷ் வெட்டும் நேரத்தில் பாதிச் சன்னல் மூடிக் கிடக்கிறது. 200க்கு இறக்கியதும் முழுப் படம் வந்தது.

ஆனால் 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் சொட்டு தண்ணீரைத் தொடும்போது விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இருக்கிறது. 200இல் ஒரு பங்கு விநாடிக்குள் ஒன்றரை சென்டிமீட்டர் ஓடிவிடும். அப்புறம் எப்படி நிற்கும்? அறையை இருட்டாக்கிவிட்டால் ஷட்டர் திறந்திருப்பது ஒரு பொருட்டே இல்லை. ஃபிளாஷ் எரிகிற நேரம் மட்டும்தான் படம். அதிலும் ஒரு வேடிக்கை: ஃபிளாஷின் பலத்தைக் கூட்டினேன், சொட்டு வால் முளைத்து வந்தது. 64இல் ஒரு பங்காகக் குறைத்தேன், கல்லாகச் சமைந்து நின்றது. இந்த வகை ஃபிளாஷில் பலம் குறைந்தால் வெளிச்சம் மங்குவதில்லை, எரியும் நேரம் சுருங்குகிறது. 20,000இல் ஒரு பங்கு விநாடி என்றால் சொட்டு நகர்வது ஒரு மில்லி மீட்டரில் ஏழில் ஒரு பங்குதான்.

எரியும் நேரம் சுருங்கியதில் மொத்த வெளிச்சம் போதவில்லை. அதற்காக ஃபிளாஷையே பின்னால் ஒரு வெள்ளைத் தாளுக்கு அருகில் தள்ளி வைத்தேன்.

டிசம்பர் 28

மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டேன். இரண்டு மணி நேரமும் சொட்டு அரை விரல் தள்ளித்தான் விழுந்திருக்கிறது. எழுத வேறொன்றும் இல்லை.

ஜனவரி 1

சொட்டு தண்ணீரைத் தொடுவதைப் பார்த்து அழுத்தினால் எல்லாம் முடிந்திருக்கிறது. குழாய் நுனியைவிட்டுக் கழலும்போது அழுத்தினால், 25 சென்டிமீட்டர் உயரத்தில் அப்போதும் தாமதம். உயரத்தை 45 ஆக்கியதும் சரியாக வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த உயரத்தை விழுந்து கடக்க 0.3 விநாடி. கண் பார்த்து விரல் அழுந்தக் கால் விநாடி போகிறது, கேமரா விழித்துக்கொள்ளக் கொஞ்சம். இரண்டும் சேர்ந்தால் அதே 0.3. என் மந்தத்துக்குத் தகுந்த உயரத்தைக் குழாய்க்குக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்று முதல் தூண்! சொட்டு குழித்த பள்ளம் மூடிக்கொள்ளும்போது நடுவிலிருந்து எழும்புகிற நீலத் தூண், உச்சியில் ஒரு குண்டு மணி.

ஜனவரி 3

சொட்டு விழுந்ததும் அதைச் சுற்றி முனை முனையாகத் தெறித்து எழும்பும் மகுடம் வேண்டுமென்றால் ஆழம் கூடாது, தட்டில் மெல்லிய படலமாகப் பால் இருந்தால் போதும். பாலைக் கீழே சிந்துவதா என்று அம்மா முகம் சுளித்தாள். அரை டம்ளருக்குச் சம்மதம் வாங்கி, பாக்கியைத் தண்ணீரால் நிரப்பினேன். பால்காரர் மேல் இத்தனை நாள் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

ஜனவரி 6

கோணல் மகுடங்களையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளரைப் பற்றிப் படித்தேன். நான் பிடித்த தூணுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 20 ஆண்டுகள், இருட்டறையில் மின்பொறி வெட்டும் கணத்தில் கண்ணில் பதிந்ததை வைத்துச் சொட்டுகளை வரைந்திருக்கிறார். வரைந்தவை எல்லாம் சீரான, பிசகில்லாத வடிவங்கள். 1894இல் புகைப்படம் எடுக்க முடிந்தபோது பார்த்தால் ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குட்டையாகவும் இருந்தன. பார்த்தவற்றில் சீரானதையே கண் நினைவில் வைத்திருந்திருக்கிறது.

அழித்தவற்றைத் தேடினேன். 61 திரும்பக் கிடைத்தன. ஒரு மகுடத்தில் ஐந்து முனை ஒரு பக்கம், இரண்டு முனை மறு பக்கம். அதுவே இப்போது கணினித் திரையில்.

ஜனவரி 11

தூண் எழும்பி நிற்கும்போது அடுத்த சொட்டு அதன் தலையில் விழுந்தால் குடை விரியும். இதற்கு மின்னணுக் கருவிகள் விற்கிறார்கள். நான் சக்கரத்தைத் திருகிச் சொட்டுகளை நெருக்கிக்கொண்டு அதிர்ஷ்டத்தை நம்பினேன். 430 படங்களில் ஒரே ஒரு குடை, அதுவும் ஒரு பக்கம் கிழிந்தது.

“காளானா?” என்றாள் அம்மா.

“தண்ணீர்தான் அம்மா.”

சற்று நேரம் பார்த்துவிட்டு, பொங்கலுக்குத் தாம்பாளம் வேண்டும் என்றாள். புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டேன். மேசைக்குப் பின்னால் சுவரில் தெறித்த நீலப் புள்ளிகள்தான் போகவில்லை. புது வருடக் காலண்டரை ஒரு முழம் கீழே இறக்கி மாட்டியிருக்கிறேன்.